மோடம் போட்டிருக்கு

கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில் கெட்டுப்போன மெஷினைச் சரிசெய்வது பாதி வேலை. மெஷின் கெட்டுப்போகிற அன்றைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்னப் பெட்டி, டெலிபோன் மணி கேட்டதும் தானாக எடுத்துப் பேசும் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிட்டு வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு அலைவது மீதிப் பாதி.

தொண்ணூறுகளின் நடுவில் இந்த மீதிப் பாதியில் மாட்டிக்கொண்டவர்கள் உங்களிலும் இருப்பார்கள். பஸ்ஸில் நின்றுகொண்டே போய், ஒரே ஒரு எண்ணை மாற்றிவிட்டு, அதே பஸ்ஸில் திரும்பி வந்து, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது ‘நிஜமாகவே மாற்றினோமா?’ என்று சந்தேகம் வந்து சாப்பாடு இறங்காமல் போனவர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் சிரிப்பார்கள். நீங்கள் நடுவில் ஒருமுறை எழுந்து போய் வீட்டு டெலிபோன் ஒயரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவீர்கள்.

திடப்படுத்தல்

எங்கள் கம்பெனி விற்ற பெரிய கம்ப்யூட்டருக்குள் இன்னொரு சின்னக் கம்ப்யூட்டர் உண்டு. சர்வீஸ் பிராசசர் என்று பெயர். பெரியது மயங்கி விழுந்தாலும் சின்னது விழித்திருக்கும். எங்கே கோளாறு என்று சொல்லும், பெரியதை நிறுத்தித் திரும்பக் கிளப்பவும் செய்யும். அதோடு மோடம் என்கிற அந்தச் சின்னப் பெட்டியைச் சேர்த்து டெலிபோன் லைன் கொடுத்துவிட்டால், சென்னையில் உட்கார்ந்தபடியே எங்கள் மேலாளர் பத்மநாபன் சார் அதைக் கூப்பிட்டு விசாரிக்கலாம். திருநெல்வேலி ஜங்ஷனில் ஒற்றை அறை ஆபீஸில் ஒற்றை ஆளாக நான். பெயர் தேவசகாயம். என் பொறுப்பில் நான்கு இடங்கள்: அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு நூல் மில், டவுனில் ஒரு பஸ் கம்பெனி, பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி, வள்ளியூரில் ஒரு உர ஏஜென்சி.

என் வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. ஐப்பசியில் ஒரு நாள் சென்னையிலிருந்து நான்கு மோடங்களையும் கூப்பிடுவார்கள். நான்கும் எடுத்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். கடிதத்தில் இதை நாகரிகமாக எழுதியிருந்தார் பத்மநாபன் சார். கடைசியில் ஒரு வரி: எல்லாம் நன்றாக வேலை செய்தால், திருநெல்வேலியில் தனியாக ஓர் ஆள் தேவையா என்பதும் பரிசீலிக்கப்படும். எடுக்காவிட்டால் வேலை போகும், எடுத்தால் ஊர் போகும். என் மனைவி எஸ்தருக்குப் பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் அந்த வருடம்தான் டீச்சர் வேலை நிரந்தரமாகியிருந்தது. என்னைச் சென்னைக்குத் தூக்கிப் போட்டால் ஒன்று அவள் வேலையை விடவேண்டும், அல்லது நாங்கள் ஆளுக்கொரு ஊரில் கிடக்க வேண்டும். இரண்டையும் நினைத்து நினைத்து எனக்கு நகம் என்று ஒன்று விரலில் மிச்சமில்லை.

என் மாமனார் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சர்ச் வாசலில் என்னைப் பிடித்துவிடுவார். கன்ஃபர்மேஷன் ஆகிவிட்டதா என்பது கேள்வி. சர்ச்சில் வயது வந்த பிள்ளைகளைச் சபையில் முழுதாகச் சேர்த்துக்கொள்ளும் சடங்குக்கும் கன்ஃபர்மேஷன் என்றுதான் பெயர், எங்கள் ஆட்கள் அதற்குச் சொல்வது திடப்படுத்தல். சுற்றி நாலு பேர் நிற்கும்போது பார்த்துத்தான் அதைச் சொல்வார்: “சபையில ஒங்களைப் பதினாறு வயசுலயே திடப்படுத்திட்டாக மாப்ளே, கம்பெனியில மட்டும் ஏன் இன்னும் இழுத்துக்கிட்டே போகுது?”

அதான் போட்டிருக்கே

வள்ளியூர் உர ஏஜென்சி முதலாளியை அந்த வட்டாரமே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். நான் முதல் முறை போன அன்று மேற்கே மலை இருந்த இடமே தெரியவில்லை, அப்படி இருட்டிக்கொண்டு வந்தது. மழைக்கு முன்னால் வேலையை முடித்துவிட்டுத் திரும்ப வேண்டுமே என்ற அவசரத்தில், உள்ளே நுழைந்ததும் நுழையாததுமாக “மோடம் போட வந்திருக்கேன் அண்ணாச்சி” என்றேன்.

வானத்தில் மேகம் மூடிக் கிடந்தால் அதற்கும் எங்கள் பக்கத்தில் மோடம் என்றுதான் பெயர். நெல்லைக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மற்ற ஊர்க்காரர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். நானும் இந்த ஊர்க்காரன்தான். ஆனால் கவலை பிடித்தவனுக்கு வீட்டில் பேசுகிற பேச்சு எங்கே ஞாபகம் இருக்கிறது? அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியாக மேலே பார்த்தார். “நீரு வேற எதுக்குவே போடணும்? அதான் காலையில இருந்து போட்டிருக்கே.”

ஒரு மணி

அண்ணாச்சி கடையில் டெலிபோன் ஒன்றே ஒன்று. மோடத்தையும் அதே லைனில்தான் மாட்ட வேண்டும் என்றார். முதல் மணியிலேயே எடுக்கும்படி அமைத்துவிட்டு வந்தேன். சென்னைக்காரர்களுக்குக் காத்திருக்கப் பொறுமை கிடையாது என்ற பயம்தான் காரணம்.

அண்ணாச்சியின் வீடு பின் தெருவில். மத்தியானம் சமையல் முடிந்ததும் அவர் மனைவி கடைக்கு ஒரே ஒரு மணி அடித்துவிட்டு வைத்துவிடுவார். யாரும் எடுக்க மாட்டார்கள். அண்ணாச்சி எழுந்து சட்டையை உதறிக்கொண்டு சாப்பிடக் கிளம்புவார். மோடம் வந்த மறுநாள் அந்த ஒரு மணியை மோடம் எடுத்துவிட்டது. எடுத்து, அந்த அம்மாள் காதுக்குள் கீச்சென்று கத்தியிருக்கிறது. அவர் பயந்துபோய் வைத்துவிட்டார், திரும்ப அடித்தார், திரும்பக் கத்தியது. அண்ணாச்சிக்குச் சாப்பாட்டு அழைப்பு வந்து சேரவே இல்லை. மூன்று மணிக்கு எனக்குப் போன் போட்டு, பசியோடு என்னைப் பிடித்து உலுக்கிவிட்டார்.

அடுத்த பஸ்ஸில் ஓடினேன். மூன்றாவது மணியில் எடுக்கும்படி மாற்றினேன்: ஒன்று என்றால் சாப்பாடு, இரண்டுக்குள் யாராவது எடுத்தால் மனிதர் பேச்சு, மூன்று என்றால் மெஷின். நான் பெட்டியை மூடிக்கொண்டிருக்கும்போது அந்த அம்மாளே தூக்குச் சட்டியோடு கடைக்கு வந்துவிட்டார். கோபம் எல்லாம் இல்லை, விசாரணைதான். “இத்தனை வருசமா ஒரு மணி அடிச்சா ஆளு வரும். இப்பம் ஆளும் வரலை, கத்தல்தான் வருது. இதுக்கு ரூவா வேற குடுத்தியளா?”

இருவர் பேச்சு

மோடத்துக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அதனிடம் எதைச் சொன்னாலும் பதில் சொல்லும். சர்வீஸ் பிராசசரோடு சேர்க்கும்போது, ‘நீ பதில் சொல்லாதே, கேட்டதைத் திருப்பிச் சொல்லவும் செய்யாதே’ என்று அதன் வாயை அடைத்துவிட வேண்டும். பஸ் கம்பெனியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அதை மறந்துவிட்டு வந்துவிட்டேன். பிராசசர் “பாஸ்வேர்டு?” என்று கேட்டது. மோடம் அதைத் தனக்கு இட்ட கட்டளையாக நினைத்துக்கொண்டு, புரியவில்லை என்றது. பிராசசர் அதுதான் பாஸ்வேர்டு என்று நினைத்துக்கொண்டு, தப்பு, பாஸ்வேர்டு என்ன என்று மறுபடியும் கேட்டது. மோடம் மறுபடியும் புரியவில்லை என்றது. இப்படியே திங்கட்கிழமை காலை வரை.

இதையெல்லாம் பக்கத்தில் இருந்த பிரிண்டர் ஒரு வரி விடாமல் அச்சடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. நான் போய்ச் சேர்ந்தபோது ஒரு பெட்டிக் காகிதம் முழுக்க மடிப்பு மடிப்பாக வெளியே வந்து மேசைக்கு அடியில் குவிந்து கிடந்தது. சென்னைக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று பயந்து, அதை அள்ளி ஒளித்து வைக்க இடம் தேடினேன். பஸ் கம்பெனி மானேஜர் என்னைத் தடுத்து, ஒரு முழ நீளத்தை எடுத்து நிதானமாகப் படித்தார். “சார், இது நம்ம கண்டக்டரும் பாசஞ்சரும் சில்லறைக்குப் பேசுத பேச்சுல்லா. ரெண்டு பேர்ல ஒருத்தரை எறக்கி விடும், சரியாப் போவும்.”

எழுதி வைக்காத பாடம்

கல்லூரியில் நான் செய்தது இதைவிடச் சின்ன மறதி. எல்லாவற்றையும் சரியாக அமைத்துவிட்டு, கடைசியில் ‘இதையெல்லாம் மனதில் பதித்துக்கொள்’ என்று மோடத்துக்குச் சொல்லும் ஒரு கட்டளை உண்டே, அதை அடிக்க விட்டுவிட்டேன். கரண்ட் இருக்கிறவரை எல்லாம் நினைவிருக்கும். கரண்ட் போய் வந்தால் பிறந்த குழந்தைதான். கரண்ட் போகாத நாள் பாளையங்கோட்டையில் எது?

ஒரே வாரத்தில் மூன்று முறை போய் அதே எண்களை அடித்தேன். எதனால் மறக்கிறது என்று தெரியவில்லை. மெஷினைச் சந்தேகப்பட்டேன், லைனைச் சந்தேகப்பட்டேன். மூன்றாவது முறை பஸ்ஸில் திரும்பும்போது, ஆற்றுப் பாலத்துக்கு நடுவில்தான் அந்தக் கட்டளை ஞாபகம் வந்தது. பாலம் முடிந்ததும் குதித்து இறங்கித் திரும்பவும் போனேன். மூச்சு வாங்க லேபுக்குள் நுழைந்து ஒரே ஒரு வரி அடித்துவிட்டு உட்கார்ந்தேன். விஷயத்தைக் கேட்டுக்கொண்ட லேப் அட்டெண்டர் எனக்குத் தண்ணீர் கொடுத்துச் சமாதானம் சொன்னார்: “நீங்க சொன்னதெல்லாம் அது கவனமாத்தான் கேட்டுருக்கு சார், எழுதி வச்சுக்கலை, அவ்வளவுதான். எங்க பிள்ளேளும் அப்படித்தான்.”

மரியாதையாகக் கேட்டால்

மில்லில் தனி லைன் தர மாட்டோம் என்றார்கள். வெளியிலிருந்து வரும் எல்லா அழைப்பும் ஸ்விட்ச்போர்டில் ராஜம் அக்காவின் கை வழியாகத்தான் போக வேண்டும். நான் அக்காவிடம் போய்க் கும்பிடாத குறையாகச் சொல்லி வைத்தேன்: சென்னையிலிருந்து ஒரு அழைப்பு வரும், யாரும் பேச மாட்டார்கள், பீப் பீப் என்று மட்டும் கேட்கும், அதை அப்படியே கம்ப்யூட்டர் ரூமுக்குப் போட்டுவிடுங்கள்.

அக்கா சொன்னபடியே செய்தார். ஆனால் போட்டபிறகு அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்களா என்று ஒரு நிமிடம் காதில் வைத்துக் கேட்பது அவருடைய தொழில் ஒழுங்கு. மோடம் எடுத்தது, அவர் காதுக்குள்ளேயே கீச்சிட்டது. அக்கா பிளக்கைப் பிடுங்கிவிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது ஒரு காதில் பஞ்சு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ‘ஏசுது’ என்றால் எங்கள் ஊரில் திட்டுகிறது என்று பொருள். “நான் மரியாதையா யாரு வேணும்னு கேட்டேன் சார். அங்கன ஒண்ணு ஊமையா நிக்கி, இங்கன ஒண்ணு என்னை ஏசுது. நடுவுல நான் எதுக்கு?”

இடி

அக்காவின் புகாரால் நிர்வாகம் இறங்கிவந்து மோடத்துக்குத் தனி லைன் கொடுத்தது. எனக்கு ஒரு கவலை குறைந்தது என்று இருந்தேன். மில் இருப்பது மலையடிவாரம். புரட்டாசிக் கடைசியில் ஒரு சாயங்காலம் இடி இறங்கியது. தனி லைன் வழியாக நேரே உள்ளே வந்து மோடத்தைக் கரியாக்கிவிட்டது. புதுசு வாங்கிக்கொடுத்த பத்மநாபன் சார், இன்னொன்று போனால் டெஸ்ட்டே தேவையில்லை என்று மட்டும் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு விளக்க வேண்டியதில்லை.

அன்றைக்கே நாலு அட்டையில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் எழுதி நாலு இடத்திலும் மோடத்துக்கு மேலே சுவரில் ஒட்டினேன். வாட்ச்மேன் முதல் எல்லோருக்கும் புரிய வேண்டும் என்று பேசுகிறபடியே எழுதினேன்: ‘மோடம் போட்டிருந்தால் டெலிபோன் ஒயரைக் கழற்றிவிடவும். மறக்க வேண்டாம்.’ எழுதும்போது வேறு ஒன்றும் தோன்றவில்லை. மில்லில் அட்டையை ஒட்டிக்கொண்டிருந்தபோது ராஜம் அக்கா தயங்கித் தயங்கி வந்து பக்கத்தில் நின்றார். அவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. “அன்னைக்குக் காது அடைச்ச கோவத்துல, இடி விழன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டேன் சார். இப்படி வந்து விழும்னு நெனைக்கலை.”

விலகிட்டு

டெஸ்ட்டுக்குப் பத்து நாள் இருக்கும்போது, எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பத்மநாபன் சார் நான்கு இடத்துக்கும் தானே போன் போட்டு விசாரித்தார். எனக்குச் சொல்லாமல் செய்தார். வள்ளியூரில் அண்ணாச்சி இரண்டாவது மணியில் எடுத்திருக்கிறார். அங்கே மோடம் எப்படி இருக்கிறது என்று இவர் கேட்டிருக்கிறார். சென்னைக்காரர்கூட நம்ம ஊர் மழையைப் பற்றிக் கேட்கிறாரே என்று அண்ணாச்சிக்குச் சந்தோஷம். காலையில் நன்றாகப் போட்டிருந்தது, இப்போதுதான் விலகியது என்று பதில் சொல்லியிருக்கிறார். யார் விலக்கியது என்று இவர் அழுத்திக் கேட்க, காத்துதான் சார் என்று அவர் பொறுமையாகச் சொல்லியிருக்கிறார்.

உடனே எனக்குப் போன். பத்மநாபன் சாருக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கிவிடும். அன்றைக்குக் குரல் பாதாளத்தில் இருந்தது. “காத்துன்னு ஒருத்தன் மோடத்தை விலக்கிட்டானாம். யார் சகாயம் அவன்?”

வெயில்

விளக்கிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. டெஸ்ட் அன்றைக்கு இந்த மாதிரி ஒன்று வந்தால் விளக்கம் கேட்க மாட்டேன் என்று வைத்துவிட்டார். அந்தப் பத்து நாளும் நான் வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மேகம் இருந்தால் அட்டைப்படி நாலு இடத்திலும் ஒயரைக் கழற்றிவிடுவார்கள். மாட்டச் சொன்னால் இடி விழுந்து மெஷின் போகும். ஞாயிறு ஆராதனையில் குளம் நிரம்ப மழை வேண்டும் என்று சபையே ஜெபித்தது. நான் மட்டும் ஆமென் சொல்லவில்லை. எஸ்தர் முழங்கையால் இடித்தாள். அப்போதும் சொல்லவில்லை.

டெஸ்ட் அன்று விடிந்ததும் வாசலுக்கு ஓடினேன். பஞ்சு அளவு மேகம்கூட இல்லை. சித்திரை மாதம்போல் வெயில். பல நாளுக்குப் பிறகு உட்கார்ந்து நாலு இட்லி சாப்பிட்டேன். பதினொரு மணிக்குச் சென்னையிலிருந்து என் ஆபீஸுக்குப் போன் வந்தது: மில், எடுத்தது. அடுத்தது பஸ் கம்பெனி, எடுத்தது. வள்ளியூர், மூன்றாவது மணியில் எடுத்தது. கடைசியாகக் கல்லூரி. மணி அடிக்கிறது, அடித்துக்கொண்டே இருக்கிறது என்றார் பத்மநாபன் சார். பன்னிரண்டு மணி வரை அவகாசம் கேட்டேன். சரி என்றார்.

ஆட்டோவில் பாய்ந்தேன். பாலத்தில் ஒரு மாட்டுவண்டிக்குப் பின்னால் ஊர்ந்தபோது சென்னையில் எந்த ஏரியாவில் வாடகை குறைவு என்றுகூட யோசித்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது, சென்னைக்கு அனுப்புவதற்கும் வேலை இருந்தாக வேண்டுமே. லேபில் அந்த வாரம்தான் சென்னையிலிருந்து வந்து சேர்ந்த புது லெக்சரர் இருந்தார். ஒயர் அழகாகச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு மோடத்தின் மேல் வைக்கப்பட்டிருந்தது. ஒயரை விரலால் காட்டினேன். அவர் என் அட்டையைக் காட்டினார். “மோடம் போட்டிருந்தா ஒயரைக் கழற்றணும்னு எழுதியிருக்கே சார். மோடம் போட்டிருக்கு, கழற்றிட்டேன். நான் வந்த இந்த நாலு நாளா யாருமே இதைக் கவனிக்கலை பாருங்க.”

ஆள் தேவையா

ஒயரை மாட்டிவிட்டு, கல்லூரி ஆபீஸிலிருந்து சென்னைக்குப் போன் செய்துவிட்டு, லேபுக்கு ஓடி வந்து மோடத்தின் முன்னால் நின்றேன். மணி அடித்தது. ஒரு விளக்கு எரிந்தது, இன்னொன்று எரிந்தது, பிறகு எல்லாம் சேர்ந்து மினுங்கின. அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். சென்னை உள்ளே வந்துவிட்டது. அதற்குப் பிறகு, விளக்கம் கேட்க மாட்டேன் என்று சொன்ன பத்மநாபன் சாரே போனில் விளக்கம் கேட்டார். அட்டையில் இருந்ததை அப்படியே படித்துக் காட்டி, நான் எழுதியதற்கு என்ன அர்த்தம், லெக்சரர் படித்ததற்கு என்ன அர்த்தம் என்று சொன்னேன். ‘நானாக இருந்தாலும் ஒயரைக் கழற்றித்தான் இருப்பேன்’ என்றார். அவர் குரல் முதல் தடவையாக மேலே வந்தது.

மறுவாரம் கடிதம் வந்தது. வேலை நிரந்தரம். திருநெல்வேலி ஆபீஸ் தொடரும். கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தும் நம்பிக்கை வராமல், நானே போன் செய்து, எல்லாவற்றையும் அங்கிருந்தே பார்க்க முடியுமே சார், என்னை ஏன் இங்கே வைத்தீர்கள் என்று கேட்டுவிட்டேன். கேட்டபிறகுதான், இப்படி ஒரு முட்டாள் கேள்வி கேட்பேனா என்று வியர்த்தது. பத்மநாபன் சார் யோசிக்காமல் பதில் சொன்னார்: “மெஷின்கிட்ட நாங்க இங்கிருந்து பேசிக்கறோம். அந்த அண்ணாச்சிகிட்ட பேச நீங்க அங்கேயே இருங்க.”

ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் மாமனாரிடம் நானாகவே போய்ச் சொன்னேன். அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, வானத்தை அண்ணாந்து பார்த்துக் குடையை விரித்தார். “திடப்படுத்திட்டாகளா? நல்லது மாப்ளே. மோடம் போட்டிருக்கு, நனையாம வீட்டுக்குப் போவோம்.”

ஆக, கடைசியில் நாலு இடத்திலும் மோடம் எடுத்ததால் எனக்கு வேலை நிலைத்தது, ஓர் இடத்தில் முதலில் எடுக்காமல் போனதால் ஊர் நிலைத்தது.